நஞ்சில்லாத பதினாலு சென்ட்

விஷமற்ற உலகைப் படைக்கும் மாபெரும் பணி, ஆமத்தூருக்குத் தெற்கே பதினாலு சென்ட் நிலத்தில் தொடங்கியது. பதினைந்தாவது சென்டில் காசிராஜனின் பட்டாசுக் கம்பெனி வந்துவிடுவதால், பணி அங்கேயே நின்றும்விட்டது.

அந்தப் பதினாலு சென்டுக்குள் 'ரசாயனம்' என்ற சொல்லுக்கே அனுமதி இல்லை. அசுவினிப் பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். புழுவுக்கு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த சாறு. வெள்ளை ஈக்கு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை. அட்டை என்று வந்தபின் சிவகாசிப் பக்கத்துக்காரரான காசிராஜன் அதை வெறும் அட்டையாக விடமுடியுமா? கைகூப்பிய தன் படத்தை நாலு கலரில் அச்சடித்துத் தொங்கவிட்டார். ஈக்கள் அவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் பக்தியோடு ஒட்டிக்கொண்டன. கம்பெனிப் பெண்கள் தோட்டத்துக்குள் நுழையுமுன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். "கத்திரிக்கா பச்சப்புள்ள மாதிரி. பட்டாசு மருந்து பட்ட கையால தொடப்படாது" என்பார்.

இத்தனையும் ஒரு கேடயத்துக்காக என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். உண்மையும் அதுதான். 'நஞ்சில்லாத் தோட்டம்' போட்டிக் கேடயத்தைப் போன வருஷம் சம்பந்தி சபரிநாதன் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் கேடயத்துக்கு நேர் எதிரே உட்காரவைத்துத்தான் காசிராஜனுக்குக் காபி கொடுக்கிறார்கள்.

இந்த வருஷ நடுவர் ஞானபூரணி டீச்சர், தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தோட்டம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. காசிராஜன் போர்மேன் மணிகண்டராஜைக் கூப்பிட்டார்.

"ஏலே, தோட்டத்துல இன்ஸ்பெக்சன்."

மணிகண்டராஜுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இருபது வருஷ அனுபவம். கம்பெனிக்கு ஆபீசர் வருகிறார் என்றால், நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் இருக்கும் பத்துப் பேரில் ஆறு பேரைப் பின்கேட் வழியாகக் கருவேலங்காட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆபீசரின் ஜீப் கிளம்பியதும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். அதே நடைமுறை தோட்டத்திலும் அமலுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் கம்பெனியில் வேலைபார்க்கும் பாண்டிலட்சுமியும் இன்னும் ஏழு பெண்களும் இலை இலையாகப் புரட்டி, கால் முளைத்த எதையும் விடாமல் பிடித்து, காற்றுக்குத் துளை போட்ட இரண்டு புது மத்தாப்புப் பெட்டிகளில் அடைத்தார்கள். கொல்வது காசிராஜனின் கொள்கைக்கு விரோதம். இது 'தற்காலிக இடமாற்றம்'.

டீச்சர் வந்தார். செடி செடியாகக் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு பூச்சியக்கூடக் காணமே."

"இருக்காது டீச்சர். எம்புட்டு வேணும்னாலும் தேடிப் பாருங்க."

"அசுவினியத் திங்கிற பொறிவண்டு எங்க? சிலந்தி எங்க? கும்பிடுபூச்சி எங்க? மருந்தில்லாத தோட்டத்துல இதுக இல்லாம இருக்காது. உண்மையச் சொல்லுங்க, என்னத்த அடிச்சீக?"

காசிராஜனின் நாக்கில் சம்பந்தி வீட்டுக் காபி கசந்தது.

"ஒண்ணும் அடிக்கல டீச்சர். எல்லாரும் இருக்காக. நீங்க வர்றீகன்னு வெளிய அனுப்பியிருக்கு. ஏலே மணி, கூட்டிட்டு வாலே."

பெட்டிகள் வந்தன. முதல் பெட்டியைத் திறந்ததும் பொறிவண்டுகள் டீச்சரின் சேலையில் ஏறின. ஒரு கும்பிடுபூச்சி, அட்டையில் இருக்கும் காசிராஜனைப் போலவே கைகூப்பி நின்றது. டீச்சர் சிரித்துவிட்டார்.

இரண்டாவது பெட்டியில் எதுவும் அசையவில்லை. அத்தனையும் மல்லாந்து கிடந்தன. மேலே வெள்ளி மாதிரி ஒரு தூசு.

"இது விஷத்துல செத்தது" என்றார் டீச்சர். "தோட்டத்துல ஒரு பாதிக்கு அடிச்சிருக்கீக."

"சத்தியமா இல்ல. ரெண்டு பெட்டியிலயும் எல்லாப் பாத்திப் பூச்சியும் கலந்துதான் இருக்கு. இந்தப் புள்ளையக் கேளுங்க."

"கலந்துதான் டீச்சர்" என்றாள் பாண்டிலட்சுமி. "நாந்தான் ரெண்டுலயும் போட்டேன்."

"அப்ப இது மட்டும் எப்படிச் செத்துச்சு?"

காசிராஜன் போர்மேனைப் பார்த்தார். "எங்கனலே வச்ச?"

"ஒண்ணு உங்க ஏசி ரூம்ல, மொதலாளி. இது கம்பெனிக்குள்ள."

காசிராஜனின் முகத்தில் விடிந்தது.

"கேட்டீகளா டீச்சர்? இது கம்பெனி விஷம். எந் தோட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வேணும்னா எழுதியே தாரேன்."

டீச்சர் பாண்டிலட்சுமியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போட்டி விதிகளைப் புரட்டினார். விதிகள் தோட்டத்து வேலியோடு முடிந்திருந்தன. "எழுதித் தாங்க" என்றார். "எந்த இடம்னு தெளிவா இருக்கணும்."

மணிகண்டராஜ் எழுத, காசிராஜன் கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீலும் குத்திக் கொடுத்தார். தோட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண் பெற்றது. கேடயம் இப்போது காசிராஜன் வீட்டு ஹாலில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே சம்பந்திக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

கடிதம் டீச்சரிடம் இருக்கிறது. 'பூச்சிகள் இறந்த இடம்' என்பதற்கு எதிரே மணிகண்டராஜ் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார்: பெண்கள் மதியம் சாப்பிடும் அறை.