மேளம் ஓயட்டும்

நீராழி என்றொரு நாடு இருந்தது. தேசப் படத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அந்த நாட்டுக்கு ஒரே ஏரி, ஒரே மன்னர், மன்னருக்கு ஒரே மைத்துனர். முதல் இரண்டையும் பற்றி மக்கள் பாட்டுக் கட்டிப் பாடலாம். மூன்றாமவரைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது.

அங்கே திருமணங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மணப்பெண் ஏரி நீரை ஒரு கை அள்ளிக் குடித்து, அதன் சுவையைச் சபையறியச் சொல்ல வேண்டும். நீர் சொல்லுதல் என்று அதற்குப் பெயர். ‘இனிக்குது’ என்றால் தாலி ஏறும், கெட்டிமேளம் முழங்கும். ‘கசக்குது’ என்றால் கல்யாணம் அப்படியே நின்றுவிடும். அரசு ஏரியைச் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் தாலி. நாட்டை நிறுவியவர்கள் விவரமானவர்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியைப் போட்டால் அவர் வாயை யாராவது அடைத்துவிடுவார்கள், புது வாழ்க்கை தொடங்கப்போகும் பெண்ணின் வாயை அடைக்க முடியாது என்று நினைத்திருக்கிறார்கள். பாவம், பிற்கால அரசியலை அவர்கள் பார்த்ததில்லை.

மன்னரின் மைத்துனர் ஏரிக்குத் தண்ணீர் வரும் ஆற்றின் கரையில் சாயப்பட்டறை வைத்தார். சில மாதங்களில் ஏரி காலையில் நீலமாகவும் மாலையில் சிவப்பாகவும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. மக்கள் முணுமுணுத்தார்கள். நீர்வளத்துறை அமைச்சர் இன்னமுதனார் உடனே நடவடிக்கை எடுத்தார். “ஏரி நீர் இனிக்கிறது என்பதை அரசு மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது” என்று தெருத்தெருவாகப் பறையறைந்தார்கள்.

ஏரி நீரே இனிப்பதால் கிணறுகள் வீண் என்று அடுத்த ஆணை வந்தது. கிணறுகளை மூடினார்கள். அதன் பிறகும் கசக்கிறது என்றவர்களுக்கு நாக்கில் நோய் என்று கண்டுபிடித்து, நாநலத்துறை என ஒன்றைத் தொடங்கினார்கள். நோய்க்கு மருந்து, வேளாவேளைக்கு ஏரித் தண்ணீர். குழந்தைகள் வாந்தி எடுத்தபோது துறையின் தலைமை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது ஆனந்தக் குமட்டல், அளவுக்கு மீறிய இனிப்பால் வருவது என்று அறிக்கை கொடுத்தார்.

இடையில் தேர்தலும் நடந்தது. நீராழி மக்களாட்சி முறைகளை மதிக்கும் முடியாட்சி. ஒரு வேட்பாளர் நீர் இனிக்கிறது என்றார், எதிர்த்து நின்றவர் மிகவும் இனிக்கிறது என்றார். கடும் போட்டிக்குப் பிறகு இரண்டாமவர் வென்றார்.

மணப்பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? இனிக்குது என்றார்கள். முகத்தைச் சுளிக்காமல் சொல்வதற்கு வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள்.

ஏரி மதகுக் காவலர் அப்பாத்துரையின் மூத்த மகள் சௌந்தரியும் அப்படித்தான் சொன்னாள். இப்போது அவள் மகனுக்கு ஓயாத ஆனந்தக் குமட்டல். இளைய மகள் தையல்நாயகிதான் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள், வாய் துடைத்துவிடுவாள். அவளுக்குத் திருமேனி என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. திருமேனியை அவளுக்கு மிகவும் பிடிக்கும். நிச்சயம் முடிந்த அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள், தனக்குக் கசந்தால் கசக்குது என்றுதான் சொல்வேன் என்று.

வீடு இரண்டுபட்டது. அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். “என் வேலை போயிடும்மா” என்றார் அப்பாத்துரை. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, இந்தக் குடும்பத்தில் இப்படி ஒன்று பிறந்திருக்க வேண்டாம் என்று அவள் காதுபடவே பேசிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள்.

சௌந்தரிக்குத்தான் கோபம் அதிகம். “நான் சொல்லலையா? செத்தா போயிட்டேன்? ஒரு வார்த்தைடீ. சொல்லிட்டுப் போயேன்.”

“நீ சாகலக்கா. ஆனா இவனப் பாரு” என்று குழந்தையைக் காட்டினாள் தையல்நாயகி. சௌந்தரி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு தங்கையோடு பேசவில்லை.

செய்தி அமைச்சர் வரை போயிற்று. இன்னமுதனார் பதறவில்லை. பதறினால் அமைச்சராக முடியாது. கல்யாணத்தன்று காலையிலேயே மாலையும் கழுத்துமாகச் சிறப்பு விருந்தினராக வந்து இறங்கினார். அப்பாத்துரையைத் தனியாக அழைத்துப் போனார்.

“கெட்டிமேளம் எதற்காக ஏற்பட்டது தெரியுமா? முகூர்த்த நேரத்தில் அமங்கலமான சொல் எதுவும் சபையின் செவியில் விழக்கூடாது என்பதற்காக. கசப்பு என்பதைவிட அமங்கலமான சொல் நம் நாட்டில் உண்டா? ஆகவே, உங்கள் மகள் நீர் பருகியதும் நான் விரலை அசைப்பேன். மேளம் முழங்கும். அவர் விரும்பியதைச் சொல்லட்டும். அரசு கருத்துரிமைக்கு எதிரானது அல்ல.”

அப்பாத்துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணமகள் அறைக்கு ஓடினார்.

“நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்மா. உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லு. மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. உன் மனசுக்கும் பழுதில்ல, என் வேலைக்கும் பழுதில்ல.”

திருமேனியும் வாசலில் வந்து நின்றான். “எனக்காக, தையலு. சத்தத்தோட சத்தமா முடிஞ்சிரும்” என்று கெஞ்சினான்.

அவள் அவனைப் பார்த்தபோது கண் கலங்கியது. “கேக்காத மாதிரி சொல்றதுக்குப் பேரு சொல்றதாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மேடையில் வெண்கலச் செம்பில் ஏரி நீர் வந்தது. அன்றைக்கு லேசான ஊதா நிறம். தையல்நாயகி ஒரு கை அள்ளிக் குடித்தாள். அமைச்சரின் விரல் அசைந்தது. தவிலும் நாயனமும் ஒன்றாகக் கிளம்பின. பந்தலே அதிர்ந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

மேளக்காரர்கள் வாசித்தார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் இன்னும் பலமாக என்று சைகை காட்டினார். நாயனக்காரரின் கன்னம் புடைத்தது, கழுத்து நரம்பு தெறித்தது. தவில்காரர் சங்கரலிங்கத்தின் விரல் கூடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. புரோகிதர் தன் பங்குக்கு மணியை ஆட்டினார். “சொல்லித் தொலைடீ!” என்று அம்மா கத்தியது அம்மாவின் காதிலேயே விழவில்லை. முகூர்த்தம் தப்பிக்கொண்டிருந்தது. சபையில் இருந்த ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அந்த நாட்டில் ஒரு சொல்லுக்காக ஜனங்கள் அப்படிக் காத்திருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நாயனம் முதலில் ஓய்ந்தது. சங்கரலிங்கம் இன்னும் கொஞ்ச நேரம் தனியாகத் தட்டிப் பார்த்தார். பிறகு கையை உதறிக்கொண்டு, “முடியலைங்கய்யா” என்று தவிலைக் கீழே இறக்கினார்.

பந்தலில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

“கசக்குது” என்றாள் தையல்நாயகி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எங்கள் பெண் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. எந்த உரிமையும் இல்லாமல்தான்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். திருமேனி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், பிறகு அவனும் போனான். அப்பாத்துரையின் வேலை மறுநாள் போயிற்று. அவர் மகளிடம் பேசுவதை விட்டுவிட்டார். அவள் பின்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். சொன்னதை மாற்றிச் சொல்கிறாயா என்று அமைச்சரின் ஆட்கள் வந்து கேட்டபோது, அழுதுகொண்டே இல்லை என்றாள்.

சட்டப்படி ஏரியைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அவையில் இருந்த அதிகாரிகள் எவருடைய செவியிலும் அவ்வாறான சொல் விழவில்லை என்று அரசு விளக்கம் அளித்தது. கூடவே ஒரு புது ஆணையும் வந்தது. இனி எல்லாக் கல்யாணங்களிலும் பெண் மேடையேறியது முதல் தாலி ஏறும் வரை கெட்டிமேளம் நிற்கக் கூடாது. மேளக்காரர்கள் முறைவைத்து மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும்.

ஆனால் பெண்கள் கெட்டுப்போயிருந்தார்கள். கீழத்தெருவில் ஒரு மணப்பெண் நீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மேளம் நிற்கட்டும், சொல்கிறேன் என்று சைகை காட்டினாள். அடுத்து வடக்குத்தெருவில். பிறகு மதகடித் தெருவில். நீர் சொல்லாமல் தாலி கட்டினால் செல்லாது. நாடு முழுக்கக் கல்யாணங்கள் பாதியில் நின்றன, பந்தல்களில் மேளம் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது.

மன்னர் கவலைப்பட்டார். இன்னமுதனார் அவருக்குத் தைரியம் சொன்னார். “மன்னா, என் மகள் இளநகையின் திருமணம் வருகிறது. என் வளர்ப்பு. ஊரறிய, உலகறிய இனிக்கிறது என்பாள். அதோடு இந்தப் பிடிவாதங்கள் ஒழியும்.”

அந்தக் கல்யாணத்துக்கு நாடே திரண்டது. தையல்நாயகியும் போயிருந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஒதுங்கி நின்றார்கள், அவ்வளவுதான். முன்னால் போய் நின்றபோது யாரோ பக்கத்தில் வந்து உரசினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சௌந்தரி.

ஆணைப்படி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. இளநகை நீரைக் குடித்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

“இவ என்னத்தச் சொல்லப் போறா?” என்று தங்கையின் காதில் கேட்டாள் சௌந்தரி.

“மேளம் நின்னாத் தெரியும்க்கா.”

மேடையில் எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள். மேளத்தை நிறுத்தினால்தான் மகள் சொல்லும் இனிப்பு ஊருக்குக் கேட்கும். இன்னமுதனார் சிரித்த முகத்தோடு, நிறுத்தச் சொல்லக் கையை உயர்த்தினார். மகளைப் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள், கண் இமைக்காமல்.

உயர்த்திய கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“இன்னும் பலமா வாசிங்கய்யா.”