எலும்பு பொய் சொல்லாது

மனிதனின் தோள் எவ்வளவு உயரும் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு துறையை நிறுவியிருந்தது. மூன்று மாடி, முகப்பில் கொடி, வாசலில் காவலாளி. காவலாளியைக் கேட்டிருந்தால் கையைத் தூக்கியே காட்டியிருப்பார். ஆனால் அவர் கடைநிலை ஊழியர். அவரைக் கேட்க விதியில் இடமில்லை.

அங்கேதான் கிடங்கில் சுமை தூக்கும் மூட்டைக்காரர் ஒருவர் போக நேர்ந்தது. கிடங்கின் மேலடுக்கிலிருந்து சரிந்த மூட்டை வலத்தோளில் விழுந்த நாளிலிருந்து அவர் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. தோள் இயல்பாக இல்லை என்று துறை சான்றிதழ் தந்தால் எடைமேடை வேலைக்கு மாற்றுவார்கள். தராவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மேலடுக்கு.

அளவீட்டு அதிகாரி அன்பாக உட்காரவைத்தார்.

"முன்னெல்லாம் தோல்மேல பொட்டு ஒட்டி அளந்தோம். எலும்பு ஒரு பக்கம் போகுது, பொட்டு ஒரு பக்கம் போகுது. மூணு பாகை பிழை! எனக்குச் சோறு இறங்கல."

"இப்போ சார்?"

"எலும்புலயே ஆணியைத் திருகிடுறோம். எலும்பு பொய் சொல்லாது."

துளைக்கருவி வந்தது.

"மரத்துப்போக ஊசி போடுவீங்கல்ல?"

"மருந்து போட்டா அசைவு இயல்பா இருக்காதே," என்று அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஆணி இறங்கியது. கை மார்புவரை வந்து நின்றது. அறுபத்தோரு பாகை. வலியிலும் மூட்டைக்காரருக்குச் சந்தோஷம்.

"பாத்தீங்களா சார், தூக்க முடியல!"

"அவசரப்படாதீங்க. நல்ல தோளோட ஒப்பிடணும்."

நல்ல தோள்களைத் தொழிலாளர் சங்கமே அனுப்பியது. ஒருநாள் விடுப்பு உண்டு என்றதும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வலத்தோளில் ஆணி இறங்கியதும் நாற்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு மார்புவரைதான் தூக்கினார்கள். சராசரி, அறுபத்தோரு பாகை.

"வாழ்த்துகள்! நாட்டுலயே மிகச் சரியான தோள் உங்களுது."

"ஆணி அடிச்சா யாருக்கு சார் கை தூக்கும்? கழட்டிட்டுத் தூக்கச் சொல்லுங்க!"

"கழட்டிட்டா எவ்வளவு தூக்கினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கே சார்?"

"கண்ணா!" அதிகாரி சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மனிதத்தோள் மார்புக்கு மேல் உயராது என்று அறிக்கை வெளியாயிற்று. ஆய்வு நிறைவுபெறும்வரை ஆணிகளை அகற்றலாகாது என்று ஆணையும் வந்தது. நகரத்துக் கனவான்கள் கோட்டின் தோளில் வெள்ளி ஆணித்தலை ஒட்டிக்கொண்டு, மார்பளவில் மட்டும் கையாட்டினார்கள். பசையால் ஒட்டியதுதான், எலும்பு பத்திரமாக இருந்தது.

மூட்டைக்காரரின் மனைவி மாடியில் துணி உலர்த்தும்போது பக்கத்து வீட்டுக்காரி முகம் சுளித்தாள். "இவ்வளவு உயரமா கையைத் தூக்குறீங்களே, நாகரிகமா இருக்காக்கா?"

"கொடி மேல இருக்கே. உன் தலையிலயா காயப்போடட்டும்?"

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. ஆணியை ஒழிக்க வேண்டும், மூட்டைக்காரரை எடைமேடைக்கு மாற்ற வேண்டும், மறுத்தால் மறுநாளே வேலைநிறுத்தம். செயலாளரின் பேச்சில் கூரை அதிர்ந்தது.

"ஆதரிக்கிற தோழர்கள் கையைத் தூக்குங்க!"

நாற்பத்தோரு கைகள் மார்புவரை எழுந்து நின்றன.

செயலாளர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். "தலைக்கு மேல தூக்கினாத்தான் ஓட்டு, தோழர்களே. எதிர்க்கிறவங்க?"

கிடங்கு மேலாளரின் மைத்துனருடைய கை மட்டும் ஜம்மென்று உயர்ந்தது. ஆணி அடித்த அன்று அவருக்குக் காய்ச்சல்.

மூட்டைக்காரர் துள்ளி எழுந்தார். "இடக்கை நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் இடக்கையைத் தூக்குங்கய்யா!"

நாற்பத்தோரு இடக்கைகள் விண்ணென்று எழுந்தன.

"இடக்கை செல்லாது, தோழர். விதி பதினொன்று."

"எந்த மடையன் எழுதின விதி அது?"

செயலாளர் தயங்கினார், பிறகு அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார். இரண்டு கையையும் தூக்கி இரண்டு ஓட்டுப் போட்ட ஒரு கோஷ்டியை அடக்க, சங்கம் தொடங்கிய வருஷம் கொண்டுவந்த விதி. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் மூட்டைக்காரரின் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, கம்பீரமாக இருந்தது.

"ஆதரவு இல்லை, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் தோற்றது," என்றார் செயலாளர். "கூட்டத்தை ஒழுங்காக நடத்திக்கொடுத்ததற்கு எல்லோரும் கைதட்டுங்கள்."

தட்டினார்கள். கைதட்டுவதற்குத் தோள் அவ்வளவு உயர வேண்டியதில்லை.