வலியைப் பறிகொடுத்த சடையப்பன்

வலி வந்தவர் வேறு, வலிக்காரர் வேறு. வலி வந்தவர் மாத்திரை போடுவார், தூங்குவார், எழுந்து வேலைக்குப் போவார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலிக்காரர் என்பவர், உப்பளக்காரர் உப்பளம் வைத்திருப்பதுபோல வலி வைத்திருப்பவர். அதைப் பராமரிப்பார், வளர்ப்பார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுற்றிக் காட்டுவார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தப்பித்தவறி அவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டீர்களா? நீங்கள் பிடிக்க வந்த பஸ் போய்விட்டது.

2005 கோடையில் மரக்காணத்தில் இந்த இனத்தின் பெரும்புள்ளி சடையப்பன். அவருக்கு உப்பளத்தில் நாலு பாத்தி, இடது தோளில் ஒரு வலி. பாத்தியை மனைவி பாப்பாத்தி பார்த்துக்கொண்டாள். வலியை அவர் பார்த்துக்கொண்டார்.

காலையில் பாப்பாத்தி உப்பு வாரும் பலகையோடு அளத்தில் இறங்குகிற நேரத்தில், இவர் இடது தோளைக் காதுவரை ஏற்றி, கழுத்தை அந்தப் பக்கமே சாய்த்து, கக்கத்தில் எக்ஸ்ரே கவரை இடுக்கிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஷஃபியின் டீக்கடைக்குப் போய், "யப்பா..." என்று பெஞ்சில் உட்காருவார் பாருங்கள், ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை ஷஃபி பாதியில் நிறுத்திவிடுவான்.

"இன்னிக்கி எப்படிண்ணே இருக்குது?"

"அத ஏம்பா கேக்கற!"

ஏன் கேட்டோம் என்று அவன் நொந்துகொள்வதற்குள் எக்ஸ்ரே வெயிலுக்கு நேராக உயர்ந்துவிடும். அதில் தெரிவது தோள்தான் என்று அவரேதான் சொல்ல வேண்டும். அதே பெஞ்சில் வாயுக்காரர் ஒருவர் உண்டு, நரம்புக்காரர் ஒருவர் உண்டு. சடையப்பனுக்கும் வாயுதான் என்பார் அவர், இல்லை நரம்பு என்பார் இவர். கூனிமேட்டு நசுருதீன் பாய், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த தைலத்தை நீட்டுவார். சடையப்பன் தாராளமாகப் பூசிக்கொள்வார். பலன் இருந்ததாக மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லா விசாரணைக்கும் கடைசியில் ஒரே தீர்ப்பு: "உங்களுக்கு வந்தாதான் தெரியும்."

பாயும் லேசுப்பட்டவரல்ல. முழங்கால்காரர். "என்னுது சவூதியில வந்த வலிப்பா" என்பார். வெளிநாட்டு வலிக்கு மதிப்பு கூடுதல்தான். ஆனால் அவரிடம் எக்ஸ்ரே இல்லையே!

இப்படி அமோகமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவள் பக்கத்து வீட்டு மருமகள் மலர்கொடி. ஆரோவில்லில் உடம்பு பிடித்துவிடும் இடத்தில் வேலை. அங்கே கற்றதை ஊரார் முதுகில் பரீட்சை பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாத்தியே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சட்டைய கழட்டிட்டு குப்புற படுங்க மாமா."

"வலி தோள்லம்மா. நீ முதுகுல கைய வெக்கிற!"

"வலி தோள்லதான் தெரியுது. முடிச்சு இங்க இருக்குது" என்று தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கட்டைவிரலை ஊன்றினாள். சடையப்பன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் கடல் பக்கம் போய்விட்டன. என்ன அநியாயம், அழுத்துவது முதுகில், சுள்ளென்று இழுப்பது தோளில்! இத்தனை நாளாக ஊர் முழுக்கத் தன் வலிக்குத் தப்பான விலாசம் சொல்லி வந்திருக்கிறோமே என்று அவருக்கு அவமானமாகப் போயிற்று.

"எந்நேரமும் தோளத் தூக்கிகினு கழுத்த சாச்சே உக்கார்றீங்க, அதான் சதை இறுகிப்போயி முடிச்சு விழுந்துடுச்சு. வலிக்குதுன்னு சாயறீங்க மாமா. சாயறதாலதான் வலிக்குது!"

அதோடு விட்டாளா? ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து உருட்டச் சொன்னாள். பாப்பாத்தி காவல் நின்றாள். வேறு வழியில்லாமல் எருமை மாதிரி தினமும் சுவரோடு தேய்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலையில் கண் விழித்ததும் வழக்கம்போல் தோளைத் தடவிப் பார்த்தார். வலியைக் காணவில்லை. கையைத் தூக்கினார், தலைக்கு மேலே போயிற்று. சுற்றினார், சுற்றியது. சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தோஷத்தில் என்று நினைத்தீர்களா? வலியில்லாத மனுஷனுக்கு அந்த பெஞ்சில் என்ன வேலை? இனிமேல் அளத்தில் இறங்கிப் பலகை இழுக்க வேண்டாமா? அவர் கை சுற்றியதை பாப்பாத்தி வாசலிலிருந்து பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

வாயைத் திறக்காமல் தோளை ஏற்றி, கழுத்தைச் சாய்த்து, எக்ஸ்ரேயோடு பெஞ்சுக்குப் போனார். "நேத்திக்கி இன்னிக்கி மோசம்பா" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, பஸ் பிடிக்க மலர்கொடி வந்துவிட்டாள். பின்னாலேயே பலகையும் கையுமாக பாப்பாத்தி.

"மாமாவுக்கு நல்லாயிடுச்சாமே, அத்த சொல்லுச்சு! வேற யாருக்குங்க வலி இருக்குது? பாய், உங்களுக்கு முட்டிதான? காட்டுங்க, இங்கியே பாத்துடலாம்" என்று கட்டைவிரல்களைச் சொடக்கினாள்.

வாயுக்காரர் எழுந்தார். நரம்புக்காரர் அவருக்கு முன்னால் எழுந்தார். "நமக்கு ஒண்ணும் இல்லம்மா, அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொன்ன நசுருதீன் பாய், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையைக் குறுக்கே தாண்டி, நகர ஆரம்பித்துவிட்ட புதுச்சேரி பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறினார். அது மலர்கொடி பிடிக்க வேண்டிய பஸ். அவளால் பிடிக்க முடியவில்லை.

பெஞ்சில் சடையப்பன் மட்டும் மிச்சம். பாப்பாத்தி பலகையைக் கடைத் தூணில் சாத்தினாள். அவர் கக்கத்திலிருந்து எக்ஸ்ரே கவரை உருவித் தன் கக்கத்தில் வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, இடது தோளைக் காதுவரை ஏற்றி, கழுத்தைச் சாய்த்தாள்.

"என்னாச்சுக்கா?" என்றான் ஷஃபி.

"அத ஏம்பா கேக்கற! ஒரு டீ போடு."

"உனக்கு என்னாடி வலி? எப்பலேர்ந்து?" என்று பதறினார் சடையப்பன்.

"உங்களுக்கு வந்தாதான் தெரியும்."

நிஜமாகவே அவளுக்கு வலித்ததா? இத்தனை கோடையும் தனியாகப் பலகை இழுத்த தோள் அது, வலிக்காமலா இருக்கும்? இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சடையப்பன் தூணையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அளத்தைப் பார்க்க நடந்தார்.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் இதைப் படித்தீர்களே, உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது? கழுத்துக்குப் பின்னாலா? சட்டென்று எடுத்துவிடுங்கள். அடுத்த பஸ் வரும்வரை மலர்கொடி சும்மாதான் நிற்கிறாள்.