‘நெட்டுல வாங்க’ காதர் பாட்சா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சாதாரண போனில் யாராவது கூப்பிட்டால், அதை எடுப்பது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்று நினைக்கும் இனம். மணி அடிக்கும், பார்ப்பார், கட் செய்வார், கூப்பிட்டவர் என்னமோ ஏதோ என்று பதறிக்கொண்டிருக்கையில் நெட் வழியாகத் திருப்பி அழைத்து, முதல் வார்த்தையாக “கேக்குதா?” என்பார். இவரை உங்களுக்குத் தெரியும். விழுப்புரம் ஷேர் ஆட்டோவில் உங்கள் காதோரம் ஸ்பீக்கரைப் போட்டு, மச்சினியின் கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி விசாரித்தாரே, அவரேதான்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் காதர் பாட்சா இந்த இனத்தில் முதல் வரிசை. வீட்டு லேண்ட்லைனைப் பிடுங்கி எறிந்தார். வீட்டுக்கும் கடைக்கும் வைஃபை போட்டார். அதோடு விட்டாரா? செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதையும் நிறுத்தினார், வருகிற கால் மட்டும் வந்துகொண்டிருந்தது. “வைஃபை இருக்கறப்ப எவனாவது ரீசார்ஜ் பண்ணுவானா?” என்று கடைக்கு வருகிறவர்களை மடக்குவார். செருப்பு அளவு பார்க்க ஒற்றைக் காலில் நிற்கும் மனிதர் என்ன சொல்ல முடியும்? தலையாட்டிவிட்டு மற்றக் காலையும் நீட்டுவார்.

இரண்டு கடை தள்ளி டீக்கடை வைத்திருப்பவர் அப்பாதுரை. டீ தயார் என்று போன் செய்வார். பாய் கட் செய்வார். நெட்டில் கூப்பிடுவார்.

“அப்பாதுரை, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?”

“கேக்குது பாய். நேராவே கேக்குது. திரும்பிப் பாருங்க, உங்க வாசல்லதான் டீய வச்சிக்கினு நிக்கறேன். ஆறிக்கினு கீது.”

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து போன் வந்தால், சௌக்கியமா என்று கேட்பதற்குள் காசு தீர்ந்துவிடும். அழுகை வருவதற்குள் வைத்துவிட வேண்டும். இன்றைக்குக் குவைத்தில் இருப்பவனுக்குத் திண்டிவனத்துக் குழம்புச் சட்டியைத் திறந்து காட்டலாம். பிறந்த குழந்தையின் முகத்தை அப்பன் அன்றே பார்க்கலாம். இதெல்லாம் பெரிய பாக்கியம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷப் பேச்சில் பாதி “கேக்குதா”விலும், மீதி “நீ அப்படியே நிக்கற, ஆடாம இருக்க” என்பதிலும் போய்விடுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? கேட்டால் காதர் பாட்சா உங்களைத்தான் சொல்வார். “உங்க பக்கம்தான் பிரச்சின” என்பது அவருக்கு மனப்பாடம்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் மகள் நிலோஃபரைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை முகம்மது ஆசிப்புக்குக் குவைத்தில் வேலை. அம்மாவும் சொந்தங்களும் விழுப்புரத்திலிருந்து வேனில் வந்திறங்கினார்கள். நிலோஃபர் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். படித்து, அலைந்து, தானே தேடிக்கொண்ட வேலை. அவள் அத்தாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: “மாப்பிள்ளகிட்ட நானே ஒரு கேள்வி கேக்கணும். அவரு வாயாலயே பதில் வரணும். அப்புறம் சம்மதம் சொல்றேன்.”

“அவ்ளோதானே! நெட்டுல நேர்ல பாத்தே கேளும்மா” என்றார் காதர் பாட்சா. இதற்காகவே பிறந்தவர்போல் பூரித்துப் போனார்.

வைஃபை பெட்டி இருப்பது சமையலறை வாசலில். ஹாலில் சிக்னல் சுமார். ஆகவே ஜமுக்காளத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாரைக் கிளப்பி, “ஜல்தி, ஜல்தி” என்று விரட்டி, அரிசி டிரம்முக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே நெருக்கி உட்கார வைத்தார். சம்பந்தியம்மாவின் பட்டுப் புடவை எண்ணெய்த் தூக்கில் உரசியது. வேர்வையோடு எல்லோரும் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசிப்பும் சிரித்தார். நலம் விசாரிப்பும் “கேக்குதா”க்களும் முடிந்த பிறகு நிலோஃபர் போனை வாங்கினாள்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் நான் லேப் வேலைய விடமாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?”

ஆசிப் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கண் பாதி மூடி, மோவாய் கீழே இறங்கி, தும்மப் போகிறவர்போல் அப்படியே உறைந்துவிட்டார். அடுத்த நொடி மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது, கூடவே வைஃபையும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கரண்ட் வரட்டும், மறுபடி கேட்கலாம் என்பீர்கள். காதர் பாட்சா திரையில் நின்ற முகத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா, தலையாட்டிட்டாரு! சிரிச்சிக்கினே சம்மதம் சொல்லிட்டாரு!”

“எம்புள்ள தங்கமாச்சே, இல்லன்னா சொல்லுவான்?” என்றார் சம்பந்தியம்மா. கேள்வி என்னவென்று அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மைசூர் பாகு தட்டு சுற்றத் தொடங்கியது.

“அத்தா, அவரு ஒண்ணுமே சொல்லலியே.”

“முகத்தப் பாத்தாலே தெரியலியாம்மா? பழைய போனுல முகம் தெரியுமா? இதுக்குத்தான் நெட்டுன்றது.”

“சரி, என் போன்ல வெளிநாட்டுக்குப் போகாது. உங்க போன்ல சாதாரணமா ஒரு கால் போட்டுக் குடுங்க.”

காதர் பாட்சா விட்டத்தைப் பார்த்தார். ரீசார்ஜ் செய்யாத போனில் எந்தக் கால் போகும்?

அப்போது அவர் மனைவி ஹலீமா பீவி அரிசி டிரம்முக்குள் கையை விட்டார். ஒரு பட்டன் போன் வெளியே வந்தது. மஸ்கட்டில் இருக்கும் தம்பியோடு பேச, கணவருக்குத் தெரியாமல் வெளிநாட்டுக் காலுக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருந்தது. ஒட்டியிருந்த அரிசியை முந்தானையில் துடைத்து மகளிடம் கொடுத்தார். நிலோஃபர் ஸ்பீக்கரைப் போட்டு, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டாள்.

குவைத்திலிருந்து குரல் வந்தது. அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் வந்தது.

“அதாங்க, வாணாம்னு சொல்லிக்கினு இருந்தப்பதான் கட்டாயிடுச்சி. லேபு கீபெல்லாம் எதுக்கு? வீட்டுல எங்கம்மாவப் பாத்துக்க ஆள் வேணும்ல? கேக்குதுங்களா?”

“ரொம்ப நல்லா கேட்டுச்சு” என்றாள் நிலோஃபர். வைத்துவிட்டாள்.

வாயில் மைசூர் பாகு இருந்தவர்கள் அதை மெல்லுவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்தார்கள். வேன் விழுப்புரத்துக்குத் திரும்பியது. ஹலீமா பீவி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த வீட்டில் அன்று நிம்மதியாக மூச்சு விட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

காதர் பாட்சா? திருந்தினார் என்று எதிர்பார்த்தீர்களா? மறுநாள் அப்பாதுரையிடம் நொந்துகொண்டார்: “நெட்டுல பேசிக்கினு இருந்த வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தோம். இந்த டப்பா போனுதான் பேஜாரு பண்ணிடுச்சி.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உறைந்து நின்ற ஒரு முகத்தைப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய பதிலை நீங்களே எழுதிக்கொண்டதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால் இன்னும் நன்றாகச் சிரியுங்கள். உண்மையில் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் உங்களைக் கூப்பிட்டேன். கட் செய்துவிட்டீர்கள்.