பூவுக்குக் கட்டிய கல்

எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு யாரும் என்னைச் சோதித்துப் பார்க்காததால், எல்லாம் தெரிந்தவள் என்றே இவ்வளவு காலமும் இருந்துவிட்டேன். நெடுந்தீவில் அதனால் ஒரு குறையும் வரவில்லை, லண்டனிலிருந்து அந்தக் கொடி வரும்வரை.

கொடி கப்பலில் வரவில்லை, போனில் வந்தது. மகன் அன்றைக்கு ஒரு முடிவோடுதான் எடுத்திருந்தான்.

"அம்மா, இனி உங்களுக்கு அங்க தனிய இருக்க ஏலாது. கிணத்தடியில விழுந்ததை மறைச்சுப் போட்டியள். எனக்கு எல்லாம் தெரியும். யாழ்ப்பாணத்தில ஒரு மாடி வீடு பார்த்து வைச்சிருக்கிறன். லிஃப்ட் இருக்கு."

(விழுந்தது உண்மைதான். ஆனால் குந்தி இருந்தபடி வழுக்கினேன். அதையும் விழுந்த கணக்கில் சேர்ப்பதா?)

எனக்கு லிஃப்ட் வேண்டாம். என் வீட்டு வளவும் என் கிணறும் போதும். அதைச் சொன்னால் சண்டை வரும் என்று கதையை மாற்றினேன். அவனுக்குப் பின்னால் சுவர் நிறைய ஊதா நிறத்தில் ஏதோ தொங்கியது.

"அதென்னடா, சீலை காயப் போட்டிருக்கிறியளோ?"

மருமகள் வசந்தி போனை வாங்கிக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லாம் பூ. ஒவ்வொரு சரமும் முழ நீளத்துக்குத் தொங்கியது.

"இது விஸ்டேரியா, மாமி. லேசில பூக்காது. நாங்கள் வைச்சு ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகுதான் பூத்தது. வெட்டோணும், வளைச்சுக் கட்டோணும், பெரிய பாடு."

"கொடி ஏத்துறதில என்ன பாடு? புடலை, பாகல், பீர்க்கு எண்டு நான் ஏத்தாத கொடியோ? இதையும் ஏத்திக் காட்டுறன்."

மகன் பின்னாலிருந்து சிரித்தான். "சரி அம்மா. நாங்கள் ஊருக்கு வரேக்க உந்தப் பூ எங்கட வளவில தொங்கினா, மாடி வீட்டுக் கதையை நான் விடுறன். தொங்காட்டி நீங்கள் பெட்டி கட்டோணும். சம்மதமோ?"

"ஓம்" என்றேன். அந்த ஓம் வாயை விட்டுப் போன பிறகுதான், அந்தக் கொடியின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பல் செட் கழன்று கையில் வந்தது.

யாழ்ப்பாணத்தில் பூங்கன்று விற்கிறவரிடம் போய், "லண்டனில சுவரில தொங்கிற ஊதாப் பூ" என்று கேட்டேன். மனுசன் நல்லவர், சிரிக்கவில்லை.

"அம்மா, அது குளிர் நாட்டுக் கொடி. எங்கட வெயிலுக்குப் பூக்காது. இந்தா, இது வேற இனம். ஆனா அதே நிறம், அதே மாதிரிச் சரமாத் தொங்கும். ஆக்கள் இதையும் அந்தப் பேர் சொல்லித்தான் கேட்டு வாங்குகினம்."

(மகன் 'உந்தப் பூ' என்றுதான் சொன்னான். பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.)

தகரப் பேணியில் நின்ற அந்தக் கன்றைக் குறிகட்டுவான் படகுத்துறை வரை பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். படகில் உப்புத் தண்ணீர் தெறிக்காமல் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டாள்.

முற்றத்தில் பனஞ்சலாகையால் பந்தல் போட்டேன். ஆட்டெரு வைத்தேன். கிணற்றில் நல்ல தண்ணீர் குறைந்த நாளில் நான் முகம் கழுவாமல் அதற்கு ஊற்றினேன். இலை பூனையின் நாக்குப் போலச் சொரசொரவென்று இருந்தது. இது கொடியா மரமா என்று எனக்கே குழப்பம். சில நாள் நேராக நிமிர்ந்து நிற்கும், சில நாள் ஆள் இல்லாத பக்கமாகப் போய் வேலியைப் பிடிக்கும். பிடித்து இழுத்துப் பந்தலில் கட்டுவேன், அடுத்த கிழமை திரும்பவும் வேலியில் நிற்கும். புடலைக்கு இந்தக் குணம் கிடையாது. வசந்தி போனில் "வெட்டுங்கோ மாமி, வெட்டினாத்தான் பூக்கும்" என்பாள். பூக்க வேண்டியதை எதற்கு வெட்டுவது? "வெட்டினனான்" என்று சொல்லிவிட்டு வெட்டாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் அவர்கள் சித்திரையில் வருவதாகச் சொன்னார்கள். பங்குனி முடியப் பூ வந்தது! ஊதாச் சரங்கள் பந்தல் நிறைய. நான் கதிரையைக் கொண்டுபோய்ப் பந்தலுக்குக் கீழே போட்டு, ராணி மாதிரி இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், வசந்தி முன்பு போனில் அனுப்பியிருந்த பூப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவளுடைய பூ முழ நீளம். என்னுடையது ஒரு சாண். மகன் சாணைப் பார்த்து 'இது அந்தப் பூ இல்லை' என்றால் என் கதை முடிந்தது. யோசித்தேன். புடலங்காய் சுருளாமல் நீளமாக வளர நாங்கள் என்ன செய்வோம்? பிஞ்சின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். பாரத்துக்குக் காய் நேராக நீண்டு வரும். காய்க்குச் செய்வதைப் பூவுக்குச் செய்தால் என்ன? (இப்படி ஒருவரும் இதுவரை யோசிக்கவில்லையே என்று அப்போது பெருமையாகவும் இருந்தது.)

எங்கள் ஊரில் வேலியே கடலில் எடுத்த முருகைக் கல்தான், கல்லுக்குப் பஞ்சமில்லை. சின்னச் சின்ன உடைசலாகப் பொறுக்கி, மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டி, ஏணியில் ஏறி, சரத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். பொழுதுபட முடிந்தது. விடிய முழமாகிவிடும் என்று நம்பிப் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் முற்றம் முழுக்க ஊதா. கடற்காற்றுக்குக் கல்லெல்லாம் ஊஞ்சலாடி, பூவை ஒட்ட உருவிப் போட்டிருந்தது. மேலே மொட்டைக் காம்பும் கல்லும்தான் மிச்சம். ஒரு பூ இல்லை. எனக்கு விளங்கவே இல்லை. காய்க்குச் சரியாக வருகிற கல் பூவுக்கு ஏன் இப்படிச் செய்தது? காலைப் படகு வர இன்னும் கொஞ்ச நேரம்தான். கல்லையாவது அறுத்து ஒளித்துவிடுவோம் என்று கத்தியெடுக்கக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வந்தால், பக்கத்து வளவுத் திரேசம்மா பந்தலுக்குக் கீழே நிற்கிறாள். செருப்பு வாசல் படலையடியில். தலையில் முக்காடு.

"அக்கா, இவ்வளவு பெரிய நேர்த்திக்கடன் வைச்சிருக்கிறியள், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நேர்த்தியோ?"

"பின்ன? பூவெல்லாம் நிலத்தில சொரிஞ்சு, கல்லெல்லாம் மேல கட்டி. பார்க்கவே மேல் புல்லரிக்குது. அக்கா, எங்கட மனுசன்ர முழங்காலுக்கு அந்தோனியாரிட்டச் சொல்லிப் பார்த்திட்டன், அவருக்கு நேரமில்லைப் போல. உங்கட ஆளுக்கும் நான் ஒரு கல்லைக் கட்டிப் பார்க்கட்டே?"

எங்கட ஆள் எந்தச் சாமி என்று எனக்கே தெரியாது. அதற்குள் அவள் கல்லைக் கட்டிவிட்டாள். லண்டன்காரரைப் பார்க்க வந்த இன்னும் இரண்டு பெண்கள் அதைப் பார்த்து, கேள்வி கேட்காமல் ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கினார்கள். ஒருத்தி கற்பூரம் இருக்கா என்று என்னிடமே கேட்டாள். நான் கத்தியைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஓட்டோ வந்து நின்றது. மகன் பெட்டியோடும் வசந்தியோடும் உள்ளே வந்து மேலே பார்த்தான். கீழே பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அம்மா, பூ எங்க? இது என்ன கல்லுகள்?"

நான் வாயைத் திறக்க முன்னம் திரேசம்மா சொன்னாள். "தம்பி, முதல்ல உந்தச் சப்பாத்தைக் கழட்டும்."

என் மகன் லண்டனில் பெரிய உத்தியோகம். உடனே குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். காலுறையோடு வந்து, குரலைத் தணித்து, "என்ன நேர்த்தி அம்மா?" என்று கேட்டான்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மாடி வீடு. மனதில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"இந்த வளவை விட்டு என்னை ஒருத்தரும் எழுப்பக் கூடாது எண்டு."

திரேசம்மா சிலுவை போட்டாள். மற்ற இரண்டு பேரும் கும்பிட்டார்கள். மகன் அண்ணாந்து அந்தக் கற்களைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எனக்கு நேர சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான். சொன்னேன்தான், எத்தனையோ தரம். ஆனால் கல் கட்டிச் சொல்லவில்லை.

வசந்தி மட்டும் ஒரு கல்லைக் கையில் பிடித்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கோப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்கிறவரின் மகள். குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"மாமி, இது புடலங்காய்க்குக் கட்டுற முடிச்செல்லோ?"

"தேத்தண்ணியைக் குடி பிள்ளை, ஆறப்போகுது."

"அவருக்குச் சொல்லட்டோ?"

"சொல்லு. பிறகு அந்த மாடி வீட்டில நீதான் வந்து என்னோட இருக்கோணும்."

அவள் சிரிப்பை அடக்கப் போய்த் தேத்தண்ணி மூக்கால் வந்தது. மகன் "என்ன சத்தம்?" என்று எட்டிப் பார்த்தான். "இருமல்" என்றோம் இரண்டு பேரும்.

மாடி வீட்டை வேறு ஆட்கள் வாங்கிக் குடியேறிய பிறகுதான் வசந்தி அவனுக்குச் சொன்னாள். அவன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு எடுத்து, போனில் முழுக்கச் சிரித்தான். திரேசம்மாவின் மனுசனுக்கு முழங்கால் சுகம். மகன் கொண்டுவந்த தைலம்தான் காரணம் என்று எவ்வளவு சொன்னாலும் அவள் கேட்பதில்லை. அதனால் கல்லை அறுக்க எனக்கு இன்றுவரை வழியில்லை. கொடியோ ஒன்றும் நடக்காதது போல ஒவ்வொரு பங்குனியும் சாண் அளவுக்குப் பூக்கிறது.

இப்போது லண்டன் வீட்டில் வசந்திக்கு ஒன்று தேவை என்றால் வாயால் கேட்பதில்லை. போன மாதம் மகன் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய வாசல் கதவின் பிடியில், நூலில் ஒரு கல் தொங்குகிறது.

"அம்மா, இந்த முறை எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியேல்லை மோனை" என்றேன். "நீ சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ள போ."