ஏலக்கா வாசம் வந்த ரேடியேட்டர்

யோகண்ணே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஒயில் பாத்துட்டேன், தண்ணி பாத்துட்டேன், பேட்டரி மண்டையில பூத்திருந்த பச்சைய சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டேன். கண்ணு ரெண்டும் தொறந்து மூடுது. இடது கண்ணு இன்னமும் சோம்பேறிதான். நீ கேக்கப் போறதில்லன்னு தெரியும். ஆனா ஒங்கிட்ட சொல்லாட்டி எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது.

வாசிக்கிறவங்க பயந்துறாதீங்க. கண்ணுன்னு சொன்னது காரு லைட்ட. யோகராஜா எங்க அண்ணன். கொழும்புல பெரிய பெரிய ஆளுங்க காரெல்லாம் வர்ற கராஜ்ல வேல செஞ்சிச்சு. எல்லங்குற ஊருப் பக்கம் ஒரு ஹோட்டல்காரரு மூலையில போட்டு வச்சிருந்த செவப்பு ஸ்போர்ட்ஸ் கார, ஓடாதுன்னு எல்லாரும் கைவிட்டத, அண்ணன் வாங்கி லொறியில ஏத்தி பூனாகலைக்கு மேல தேயிலத் தோட்டத்துல எங்க லயத்துக்கே கொண்டாந்திருச்சு. ரெண்டே சீட்டு. தரையோட தரையா கெடக்கும். சுவிட்ச திருப்புனா மூடியிருக்குற லைட்டு ரெண்டும் தவள முழிக்கிற மாதிரி மேல எந்திரிச்சு வரும். லயத்துல நாங்க குடியிருக்கவே ரெண்டு காம்பராதான், ஆனா காருக்குத் தனியா தகரக் கொட்டாய்!

லீவுக்கு லீவு வந்து செஞ்சி செஞ்சி, கடைசியில அத ஓட வச்சிருச்சு. ஒரே ஒரு ஆசதான் அதுக்கு. தீவாளிக்கு முன் சீட்டுல என்னைய உக்கார வச்சி பதுளை டவுன ஒரு சுத்து சுத்தணும். “அது வரைக்கும் நீதான்டி டொக்டர்”னு சொல்லிட்டுப் போயிருச்சு. (டொக்டர் எட்டாம் ஆண்டோட பள்ளிக்கூடத்துக்கு கும்பிடு போட்டவ.)

அண்ணன் சொன்ன சர்வீஸ் வேலயெல்லாம் எனக்கு மந்திரம் மாதிரி மனப்பாடம். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒயில் கம்பிய உருவித் தொடச்சிப் பாக்கணும். தண்ணி, பிரேக் ஒயில், டயர் காத்து பாக்கணும். ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் விடணும். மாசக் கடைசி ஞாயிறு மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டணும். ஓட்டலன்னா பிரேக்குத் தட்டு துருப்புடிக்கும், டயரு ஒரு பக்கமா சப்பையாயிரும்.

எனக்கு ஓட்டத் தெரியாது. கொழுந்து லொறி ஓட்டுற குமார் மாமாவக் கூப்புடச் சொல்லிருந்திச்சு. மாமாவும் ஆசையாத்தான் வந்தாரு. கால உள்ள விட்டாரு, தலைய உள்ள விட்டாரு, வயிறு மட்டும் வெளியிலயே நின்னுக்கிச்சு. மூணு பேரு சேந்து இழுத்துத்தான் மாமாவ வெளிய எடுத்தோம்.

மாமா வேர்வையத் தொடச்சிக்கிட்டு, “சக்கரம் உருளணும், அவ்வளவுதானே? நீ உள்ள உக்காரு புள்ள, நாங்க தள்ளுறோம்”னாரு.

எனக்கும் அது ரொம்ப சரியாப் பட்டிச்சு. மாசா மாசம் லயத்து ஆம்பளைங்க, காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களம் வரைக்கும் மேட்டுல தள்ளிக்கிட்டுப் போவாங்க. திரும்பி எறக்கத்துல வரும்போது ஓடிறாம இருக்க பின்னால கயிறு கட்டிப் புடிச்சிக்கிட்டு வருவாங்க. நான் உள்ள ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு மகாராணி மாதிரி.

சாயங்காலம் அண்ணன் போன் எடுக்கும். “ஓட்டியாச்சா? ஏதும் சத்தம் வந்திச்சா?”

“ஒரு சத்தமும் இல்ல அண்ணே.”

“பெட்ரோல் ரொம்பக் குடிக்குதா?”

“ஓட்டத்துக்கு ஒரு சொட்டு கூடக் குடிக்கலண்ணே!”

“பாத்தியா, அதுதான்டி என் கை வேல!”

அதுக்கு அவ்வளவு பெரும. நானும் பொய் ஒண்ணும் சொல்லலியே.

இப்படிப் போயிக்கிட்டிருந்தப்ப மாசக் கடைசி ஞாயிறும் மாரியம்மன் தேரும் ஒரே நாள்ல வந்திருச்சு. “இன்னைக்கு ஒரு நாளு விட்டுத் தொலையேன்டி”ன்னு அம்மா கத்துது. நான் விடுவனா? மாச ஓட்டம் தவறக் கூடாது, அண்ணன் சொல்லிச்சு! குளிச்சி வேட்டி கட்டி திருநீறு பூசிட்டு நின்ன மனுசங்கள எல்லாம் கூப்புட்டுத் தள்ள வச்சேன்.

மேல ஏத்தியாச்சு, திருப்பியாச்சு. எறக்கத்துல வந்துக்கிட்டிருக்கோம், அண்ணன் வீடியோ கோல் எடுக்குது. போன சீட்டுல சாச்சி வச்சேன்.

“ஏய், காருலயா இருக்க? மாமா எங்க? என்னடி என்ஜின் சத்தமே கேக்கல?”

“என்ஜின் வேட்டி கட்டிக்கிட்டு பின்னால வருது அண்ணே.”

“என்னது, வேட்டியா?”ன்னு அண்ணன் கத்துது. சரியா அந்த நேரம் பாத்து கீழ வளைவுல தப்பு மேளச் சத்தம். டிராக்டர்ல ஜோடிச்ச தேர்ல எங்க அம்மன் அப்படி ஒரு அழகா வந்துச்சு. பின்னாலயிருந்து “தாயே! மாரியாத்தா!”ன்னு குமார் மாமா குரலு. கண்ணாடியில பாக்குறேன், அத்தன பேரும் ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுறாங்க.

ரெண்டு கையுமே. அப்ப கயிறு?

கயிறு ரோட்டுல.

பிரேக்க மிதிச்சேன், மிதிச்சேன், மிதிச்சிக்கிட்டே இருந்தேன். என்ஜின் ஓடலன்னா ரெண்டு மூணு மிதியில அது கல்லாயிரும்னு எனக்கு யாரு சொன்னா? ஹோர்ன்னு நெனச்சி கையில பட்டதத் திருப்புனேன். கண்ணு ரெண்டும் படக்குனு தொறந்திருச்சு. எதிர வந்த பொம்பளைங்க “காருக்கு சாமி வந்திருச்சு”ன்னு ஒதுங்கி நின்னு கும்பிட்டாங்க! ஒரு ஆளாவது புடிக்கணுமே!

“ஹேண்ட் பிரேக்க இழுடி! பக்கத்துல இருக்குற தடிய இழு!” சீட்டுக்குக் கீழ விழுந்து கெடந்த போன்ல அண்ணன் கத்துது.

இழுத்தேன். காரு ஓரமாத் திரும்பி, பக்தர்களுக்கு வச்சிருந்த பானக்கப் பீப்பாய முட்டிக்கிட்டுத்தான் நின்னிச்சு. பீப்பா சாஞ்சி பானக்கம் பூராவும் பொனட்டு மேல.

“என்னடி ஊத்துற சத்தம்? ரேடியேட்டரா? என்ன கலர்ல ஒழுகுது?”

“பழுப்பு கலருண்ணே.” எனக்கு அழுக வந்திருச்சு.

“ஐயோ, துருத்தண்ணி! மோந்து பாரு, கருகுன வாசம் வருதா?”

“இல்லண்ணே... ஏலக்கா வாசம் வருது.”

“என்னது? ஏய், வாயில கீயில வச்சிறாத! கூலன்ட் வெசம்!”

“குமார் மாமா நக்கிப் பாத்துட்டாருண்ணே. சக்கர கொஞ்சம் கம்மியாம்.”

அப்பறம் அண்ணன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. கராஜே கூடி வந்து எட்டிப் பாத்திச்சு. பூசாரியும் தேர நிப்பாட்டி, அம்மனுக்கு முந்தி பானக்கம் குடிச்ச காருன்னு பொனட்டுல திருநீறு பூசிட்டுப் போனாரு. ஒரு வாரம் எறும்பு போகல. “தீவாளிக்கு நானே வந்து ஓட்டுறேன் தாயே, அது வரைக்கும் நீ தொடாம இருந்தாப் போதும்”னு அண்ணன் கும்பிடு போட்டிச்சு.

தீவாளிக்கு முந்தியே அண்ணன் வந்திருச்சு. டெங்குக் காய்ச்சல். பெட்டியிலதான் வந்திச்சு.

எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கி குமார் மாமா போயி கொட்டாயத் தொறந்தாரு. என்னைய உள்ள உக்கார வச்சி, அண்ணன் பெட்டிக்குப் பின்னாலயே கார தள்ளிக்கிட்டு வந்தாங்க. கண்ண தொறந்து விட்டேன். இடது கண்ணு மெதுவாத்தான் தொறந்திச்சு. எறக்கத்துல கயிற மாமா கையில சுத்திக்கிட்டாரு. கும்பிடுறதுக்குக்கூட அத விடல. அதுதான் அந்த மாச ஓட்டம்.

இப்பவும் எங்க வீட்டுல யாரு தேத்தண்ணி குடிச்சாலும் குமார் மாமா மாதிரியே “சக்கர கொஞ்சம் கம்மியாம்”னு ஒருத்தரு சொல்லணும். அம்மா சிரிக்கும். சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிரும், கொஞ்ச நேரத்துக்கு வராது. வருசா வருசம் தேரும் கொட்டாய்க்கிட்ட நிக்குது, மொத டம்ளர் பானக்கம் பொனட்டுக்குத்தான்.

நான் வெலிமடையில ஓட்டப் பழகுறேன். லைசன் கெடச்சதும் பதுளைக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போவேன் அண்ணே. பக்கத்து சீட்டுல யாரையும் ஏத்த மாட்டேன், அம்மாவக்கூட. நீ உக்காந்து, கியர் தப்பாப் போட்டா திட்டிக்கிட்டே வா.

இத வாசிச்ச நீங்க கோயிலுக்குப் போறவங்களோ சேர்ச்சுக்குப் போறவங்களோ, பள்ளிவாசலுக்கோ புத்தர் பன்சலைக்கோ போறவங்களோ, எங்க யோகண்ணனுக்காக ஒருக்கா கும்பிட்டுக்குங்க. கையில கயிறு கியிறு இருந்தா மட்டும், மொதல்ல எங்கயாவது இறுக்கிக் கட்டிட்டுக் கும்பிடுங்க.