சனிச் சீட்டில் சுக்கு வாசனை

உலகத்தில் மூக்கை நுழைத்து வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். மூக்கை மட்டுமே வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் மூக்கண்ணன் ஒருவர்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

எங்கள் ஆபீஸ் மிளகு, சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. நான் பில் போடுகிறவன். கோமதி கணக்கு எழுதுகிறவள். விற்பனைக்கு வரும் மிளகில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, 'எடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்வதுதான் மூக்கண்ணனின் வேலை. அந்த ஒரு வார்த்தையை நம்பி எங்கள் முதலாளி சேட்டு லாரி லாரியாக வாங்குவார்.

சும்மா இருக்கும் நேரத்தில் அந்த மூக்கு எங்கள் மேல் பாயும்.

"எடா பாலு, இன்னிக்கு இடக்கொச்சி மீன்காரன் ஸ்கூட்டர்ல தொத்திண்டு வந்தியா? சட்டையெல்லாம் மீனாக்கும்."

உண்மைதான். பவுடர், சென்ட், மல்லிகைப்பூ எல்லாவற்றுக்கும் மாடியில் தடை. காக்கநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்த ஒருவர் கொஞ்சம் தாராளமாக சென்ட் அடித்திருந்தார். பாவம், மூன்று நாளும் படிக்கட்டில் உட்கார்ந்தே வேலையை முடித்தார். என் மூக்கைப் பற்றியோ அண்ணனுக்கு மருந்துக்கும் மரியாதை கிடையாது. "உன் மூக்கு கண்ணாடி மாட்டற ஆணி. வேற உபயோகம் ஒண்ணும் இல்லை" என்பார்.

இப்படி இருக்கையில், வெளிநாட்டில் எங்களிடம் மிளகு வாங்கும் ஒரு கம்பெனி, புது வருஷத்துக்கு டயரி அனுப்பாமல் ஒரு சீட்டுக்கட்டு அனுப்பியது. அதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. சனி, வியாழன், செவ்வாய், வால் நட்சத்திரம், ராக்கெட் என்று ஆகாயத்துச் சாமான்கள் பத்து வகை, வகைக்கு நாலு சீட்டு. விளையாடும் முறை ஜெர்மன் மொழியில் அச்சாகியிருந்தது. மூக்கண்ணன் அந்தத் தாளையும் முகர்ந்து பார்த்துவிட்டு, விதிகளை அவரே அறிவித்தார். ஒரே படம் நாலு சேர்ந்தால் ஒரு செட். எதிராளியிடம் 'செவ்வாய் உண்டா?' என்று கேட்கலாம். இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நடுவில் கவிழ்த்துப் பரப்பிய சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்று செட் சேர்த்தவர் தப்பித்தார். கடைசியில் மிஞ்சுகிறவர் கீழே போய் மூன்று சாயா வாங்கி வர வேண்டும்.

அந்த மிஞ்சுகிறவர் எட்டு வருஷமாக நான்தான். முப்பத்தெட்டு மரப்படிகள், சுவர்போல நெட்டுக்குத்தாக நிற்பவை. நான் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் சந்திரனில் இறங்கி அங்கேயே சாயா குடித்திருக்கலாம்.

அண்ணன் ஜெயிக்கிற விதம் இதுதான்: நடுவில் கிடக்கும் சீட்டுகளின் மேல் முகத்தைத் தாழ்த்துவார். கண்ணை மூடுவார். ஒரு சுற்று முகர்வார். ஒன்றை எடுப்பார். அதுதான் அவருக்கு வேண்டிய சீட்டு! நாலு சனியில் ஒன்று சுக்குச் சாக்குக்குள் விழுந்து ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. ஒரு வியாழனில் கோமதியின் எலுமிச்சை ஊறுகாய். ராக்கெட்டில் என் ஸ்டாம்ப் மை. எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"இது கள்ளத்தனம் அண்ணா!"

"எந்தா கள்ளத்தனம்? கண்ணால பாக்கக்கூடாதுன்னுதானே சட்டம்? மூக்கைப் பத்தி யாராவது சொன்னாளா?"

சட்டம் போட்டவரே அவர். யாரிடம் போய் முறையிடுவது?

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் கழித்து மெலிந்துபோய் வந்தார். முதல் நாள் ஆட்டத்திலேயே தோற்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டி அவரைக் கீழே அனுப்பினேன். மறுநாளும் தோற்றார். அதற்கு மறுநாளும். வழக்கம்போலத்தான் குனிந்தார், கண்ணை மூடினார், முகர்ந்தார். வருவது மட்டும் வேண்டாத சீட்டு. சாயாவோடு மேலே வந்தவர் படி முனையில் நின்று மூச்சு வாங்கினார்.

நாலாம் நாள் கோமதி தன் கல்யாண நாள் என்பதை நினைத்து, தடையை மறந்து, தலை நிறைய மல்லிகையோடு வந்துவிட்டாள். அண்ணன் அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோமதி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

சாயாவுக்கு இறங்கியவரின் பின்னாலேயே போய்ப் பிடித்தேன்.

"அண்ணா, மூக்கு..."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணும் வரலைடா. மிளகும் மண்ணும் ஒண்ணாட்டம் இருக்கு. நாளைக்கு வயநாட்டு லோடு வருது. நான் என்னன்னு சொல்வேன்? மூக்கில்லாத மூக்கனுக்கு சேட்டு எதுக்குடா சம்பளம் தரணும்?"

மறுநாள் லோடு வந்தது. சேட்டு எதிரே நிற்கிறார். மூக்கண்ணன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பிறகு அலட்சியமாக என் பக்கம் நீட்டினார்.

"ஆணி மூக்கனும் கொஞ்சம் கத்துக்கட்டும் சேட்டு. எடா, என்ன வருது சொல்லு."

"மிளகு வாசனை அண்ணா."

"மிளகுல பின்னே பிச்சிப்பூவா வரும், மண்டா? அதுக்குப் பின்னாடி?"

வாழ்நாளில் முதல் முறையாக முகர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "பின்னாடி... நனைஞ்ச சாக்கைக் காய வச்சாப்ல."

அண்ணன் சேட்டைப் பார்த்து, "வேண்டாம்" என்றார்.

சேட்டு வாங்கவில்லை. அதை வாங்கிய பக்கத்துக் கிடங்கில் பாதிக்குமேல் பூசணம் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அன்று தொடங்கி இப்படித்தான் நடக்கிறது. முகர்வது நான், திட்டுவது அவர், முடிவும் அவருடையது. சேட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு ஆட்டம். கோமதி தப்பித்துவிட்டாள். எனக்கும் அண்ணனுக்கும் தலைக்கு இரண்டு செட். என் கையில் மூன்று சனி. அண்ணனிடம் இல்லாத எதையோ கேட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒன்றை எடுக்கக் குனிந்தேன். இடது ஓரச் சீட்டிலிருந்து மெல்ல வந்தது சுக்கு வாசனை. நாலாவது சனி! எட்டு வருஷத்தில் முதல் முறையாக, சீட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. எடுத்தால் நான் ஜெயித்தேன்.

அண்ணன் இப்போதே படியை நினைத்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பக்கத்துச் சீட்டை எடுத்தேன். வால் நட்சத்திரம்.

"வால் நட்சத்திரம் உண்டாடா?" என்றார் அண்ணன் உடனே. கொடுத்தேன். நாலையும் மேஜைமேல் அடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"உன் மூக்கு ஆணிதான்டா. சத்தியமா ஆணிதான். போ, எனக்குச் சீனி கம்மி."

அலுப்போடு எழுந்து இறங்கினேன். இந்த மனிதருக்காக இன்னும் எட்டு வருஷம் இறங்கலாம் என்று மனசு சொன்னது. முழங்கால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.